பலித்ததா என்று பார்க்கவும் பணமா?

கோயில் விளக்குக்கு உபயம் செய்கிறவர்கள், விளக்கின் கண்ணாடியிலேயே தங்கள் பெயரையும் தகப்பனார் பெயரையும் கடையின் விலாசத்தையும் எழுதி வைப்பதுண்டு. எழுத்து நெருங்க நெருங்க வெளிச்சம் குறையும். அதைப் பற்றி உபயக்காரரும் கவலைப்படுவதில்லை, தர்மகர்த்தாவும் கவலைப்படுவதில்லை. "இந்த விளக்கினால் பிராகாரத்தில் எவ்வளவு இருட்டு நீங்கிற்று என்று பார்த்துச் சொல்வதற்கு இன்னார் உபயம்" என்று எந்தக் கோயிலிலாவது எழுதியிருக்கக் கண்டதுண்டா? தர்மம் செய்வதற்குப் பணம் கிடைக்கும். தர்மம் பலித்ததா என்று பார்ப்பதற்குப் பணம் கேட்டாலோ, "அதற்குமா?" என்று புருவத்தை உயர்த்துவார்கள்.

இந்த "அதற்குமா?" என்ற கேள்வி, அறியாப் பருவத்துப் பெண்களின் வாழ்க்கையில் எவ்வளவு தூரம் விளையாடுகிறது என்பதை வாசகர்களுக்கு எடுத்துச் சொல்லவே இக்கட்டுரை எழுதலானேன்.

பள்ளிக்கூடத்தில் படிக்கவேண்டிய வயதில் ஒரு பெண் தாயாகி விடுவது, குடும்பங்களில் உரக்கப் பேசப்படும் விஷயமன்று. ஆயினும் பேசாமல் இருப்பதனால் அது நின்று விடவில்லை. உலகெங்கும் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களின் மரணத்துக்கு முக்கிய காரணங்களாக உள்ளவற்றுள், கர்ப்ப காலத்திலும் பிரசவத்திலும் நேரும் கோளாறுகளும் ஒன்று என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. உயிருக்கு அபாயம் நேராவிட்டாலும் படிப்பு நின்று விடுகிறது. பின்னால் கிடைக்கக்கூடிய உத்தியோகமும் வருவாயும் அதனோடு போய்விடுகின்றன. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலேயே 1991-ம் வருஷத்தில், அந்த வயதுப் பெண்கள் 1,000 பேருக்குச் சுமார் 62 குழந்தைகள் பிறந்தன.

இதைத் தடுக்க அந்தத் தேசத்தாரும் பிற தேசத்தாரும் கைகட்டிக்கொண்டு இருந்து விடவில்லை. உபதேசம் செய்தார்கள், உறுதிமொழி வாங்கினார்கள், வகுப்பில் பாடம் நடத்தினார்கள், வைத்திய நிலையங்கள் திறந்தார்கள். பொம்மை கூடக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பொம்மையின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அழும் பொம்மை

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் பெர்த் என்ற நகரம் இருக்கிறது. அங்கே பள்ளிக்கூடப் பெண்களுக்காக ஒரு திட்டம் வகுத்தார்கள். பச்சைக் குழந்தையைப் போலவே செய்த ஒரு பொம்மை. அதன் வயிற்றுக்குள் யந்திரம். அகாலத்தில் அழும். பால் புகட்டவேண்டும், ஏப்பம் விடத் தட்டிக் கொடுக்கவேண்டும், துணி மாற்றவேண்டும், தாலாட்டவேண்டும். சரியாகச் செய்தாளா இல்லையா என்பதை யந்திரமே குறித்து வைத்துக்கொள்ளும். பாடமும் படமும் முடிந்த பிறகு, வாரக் கடைசியில் இந்தப் பொம்மையை வீட்டுக்கு எடுத்துச் சென்று பெண் வளர்க்கவேண்டும். இரண்டு இரவு தூக்கம் கெட்டால் "ஐயோ! தாயாவது இவ்வளவு தொல்லையா?" என்று பயந்து புத்தியாக இருப்பாள் என்பது திட்டக்காரர்களின் நம்பிக்கை.

கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! பெற்றோருக்கும் பிடித்திருந்தது, உபாத்தியாயர்களுக்கும் பிடித்திருந்தது. இம்மாதிரிப் பொம்மைகள் பல தேசத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ச் சேர்ந்தன.

ஆனால் பெர்த் நகரத்தில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். 2003 முதல் 2006 வரையில் 57 பள்ளிக்கூடங்களிலிருந்து, 13 முதல் 15 வயது வரையுள்ள 2,834 பெண்களைச் சேர்த்தார்கள். எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பொம்மை, எதற்கு வழக்கமான சுகாதாரப் பாடம் மட்டும் என்பதைத் திருவுளச் சீட்டுப் போடுவது போல் முடிவு செய்தார்கள். பிறகு அந்தப் பெண்கள் 20 வயதை எட்டும் வரையில், ஆஸ்பத்திரிப் பதிவுகளைக் கொண்டு கணக்கெடுத்துக்கொண்டே வந்தார்கள். ஸாலி பிரிங்க்மன் என்ற அம்மையாரின் தலைமையில் நடந்த இந்த ஆராய்ச்சியின் முடிவு 2016-ம் வருஷம் 'லான்ஸெட்' என்னும் புகழ்பெற்ற வைத்தியப் பத்திரிகையில் வெளிவந்தது.

பொம்மை பெறாத பெண்கள் நூறு பேரில் 4 பேர் குழந்தை பெற்றிருந்தார்கள். பொம்மை வளர்த்த பெண்கள் நூறு பேரில் 8 பேர்! கருக்கலைப்புச் செய்துகொண்டவர்கள் பொம்மை பெறாதவர்களில் நூற்றுக்கு 6; பொம்மை வளர்த்தவர்களில் நூற்றுக்கு 9. தடுப்பதற்கென்று ஏற்பட்ட திட்டம் தடுக்கவில்லை என்பதோடு, அதில் சேர்ந்தவர்களிடையே கர்ப்பம் அதிகமாகவே இருந்தது.

திட்டம் வகுத்தவர்கள் கெட்டவர்களா? இல்லவே இல்லை. மனமார நன்மை செய்ய நினைத்தவர்கள். பரீட்சித்துப் பார்ப்பதற்கு மட்டும் பணம் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பொம்மையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரிக்கும் சிறுமிகளின் படம் வருஷ அறிக்கையின் அட்டையில் வெளியாகியிருக்கும். அடுத்த வருஷம் இன்னும் ஆயிரம் பொம்மைகள் வாங்கியிருப்பார்கள்.

காக்கையும் பனம்பழமும்

"குழந்தைகள் எத்தனை பிறந்தன என்று எண்ணிப் பார்த்தால் தெரிந்து போகிறது, இதற்குத் தனியாக ஒரு செலவா?" என்று சிலர் கேட்கலாம். அப்படிச் சுலபமாகத் தெரிந்து விடுவதில்லை. அமெரிக்காவில் 1991-ல் ஆயிரத்துக்கு 62-ஆக இருந்த கணக்கு, 2010-ல் சுமார் 34 ஆயிற்று. 2023-ல் சுமார் 13-க்கு இறங்கிவிட்டது. மிகவும் சந்தோஷமான சமாசாரம். ஆனால் இந்தக் காலத்தில் எந்த ஊரில் எந்தத் திட்டத்தை ஆரம்பித்திருந்தாலும், ஐந்து வருஷம் கழித்து, "எங்கள் திட்டத்தினால்தான் குறைந்தது" என்று மார்தட்டிக்கொண்டிருக்கலாம். ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்த ஊரிலும் குறையத்தான் குறைந்திருக்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று நம் பெரியோர்கள் சொன்னது இதைத்தான்.

காக்கை விழச் செய்ததா, பழம் தானாக விழுந்ததா என்று கண்டுபிடிக்க ஒரே வழி, காக்கை உட்காராத மரத்தையும் கூடவே பார்ப்பது. அதற்காகவே சீட்டுப் போட்டு இரண்டு பிரிவாகப் பிரிப்பது. பெண்ணின் குணத்தையோ குடும்பத்தையோ பார்த்துப் பிரித்தால், நல்ல மாணவிகளெல்லாம் ஒரு பக்கம் சேர்ந்து விடுவார்கள். பிறகு திட்டத்தின் மகிமையா, மாணவிகளின் மகிமையா என்று சொல்ல முடியாது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். "ஒரு பிரிவுப் பெண்களுக்கு உதவி செய்யாமல் வேடிக்கை பார்ப்பது அநியாயம் அல்லவா?" என்பார்கள். நன்மை தரும் என்று நிச்சயமாகத் தெரிந்த மருந்தை, எல்லோருக்கும் கொடுக்க வசதியிருந்தும் கொடுக்காமல் வைப்பது அநியாயந்தான். ஆனால் நன்மையா தீமையா என்று தெரியாத மருந்தை எல்லோருக்கும் புகட்டுவது நியாயம் ஆகிவிடுமா? பெர்த் நகரத்தில் பொம்மை கிடைக்காத பெண்கள் அன்றைக்கு ஏமாற்றமடைந்திருக்கலாம். கணக்கைப் பார்க்கும்போது அவர்களே அதிர்ஷ்டசாலிகள்.

இந்த வேலைக்குப் பணம் எங்கே போகிறது என்பதையும் பார்க்கலாம். பதினான்கு வயதில் பேர் எழுதிக்கொண்ட பெண்ணைப் பதினேழு வயதில் மறுபடி தேடிக் கண்டுபிடிக்கவேண்டும். குடும்பம் வீடு மாறியிருக்கும், ஊர் மாறியிருக்கும். பெற்றோரின் சம்மதம் வாங்கவேண்டும். அந்தரங்க விஷயத்தைக் கேட்கவேண்டியிருப்பதால், மரியாதையும் ரகசியமும் காக்கத் தெரிந்தவர்களைக் கணக்கெடுக்க அனுப்பவேண்டும். பாதிப் பேரைத் தேடாமல் விட்டுவிட்டால் முழு ஆராய்ச்சியும் வீண். தேடாமல் விடப்படுகிறவள் பெரும்பாலும் பள்ளிக்கூடத்தை விட்டு நின்று போனவளாகவே இருப்பாள். அவளைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தானே இவ்வளவு பிரயத்தனமும்?

டாலர்களின் சரித்திரம்

இனி அமெரிக்காவில் நடந்ததைக் கவனிப்போம். 1996-ம் வருஷம் அந்தத் தேசத்துக் காங்கிரஸ் சபை ஒரு சட்டம் செய்தது. விவாகம் ஆகும் வரையில் பிரம்மசரியம் காக்கும்படி இளைஞர்களுக்குப் போதிப்பதற்காக வருஷத்துக்கு 5 கோடி டாலர் ஒதுக்கினார்கள். நல்ல வேளையாக, மறு வருஷமே அந்தப் போதனை பலிக்கிறதா என்று பார்க்கும்படியும் காங்கிரஸ் உத்தரவிட்டது. நான்கு இடங்களில், 2,057 இளைஞர்களை இரு பிரிவாக்கிப் பல வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். 2007-ல் அறிக்கை வெளியாயிற்று. போதனை பெற்றவர்களிலும் ஏறக்குறையப் பாதிப் பேர் விரதம் காத்திருந்தார்கள்; பெறாதவர்களிலும் ஏறக்குறையப் பாதிப் பேர் காத்திருந்தார்கள். விரதம் கலைந்தவர்களின் சராசரி வயதும் இரு பிரிவுக்கும் ஒன்றேதான். பத்து வருஷத்துப் பணம் ஆற்றில் கரைத்த புளியாயிற்று.

இதற்குப் பிறகு அந்த ஒதுக்கீடு 2009-ல் காலாவதியாயிற்று. ஆனால் 2010-ல் வேறொரு பெரிய சட்டத்தின் நடுவில் மீண்டும் உயிர்பெற்று எழுந்துவிட்டது! பரீட்சையில் தேறாத பையன், ஒரு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு நேராக மேல் வகுப்பில் வந்து உட்கார்ந்த கதைதான்.

ஆனால் அதே 2010-ம் வருஷத்து வரவு செலவுத் திட்டத்தில் வேறொரு புதுமையும் நடந்தது. இளவயதுக் கர்ப்பத்தைத் தடுப்பதற்கென்று 11 கோடி டாலர் ஒதுக்கி, அதைச் செலவு செய்யும் விதத்தையும் சட்டத்திலேயே எழுதினார்கள். ஏழரைக் கோடிக்குக் குறையாத தொகை, கடுமையான பரீட்சையில் ஏற்கெனவே தேறிய திட்டங்களுக்கு மட்டுமே. இரண்டரைக் கோடிக்குக் குறையாத தொகை, புதிய யோசனைகளுக்கு. ஆனால் அந்த யோசனைகளைப் பரீட்சித்தே தீரவேண்டும். இவை தவிர, மதிப்பிடும் வேலைக்கென்றே சுமார் 45 லட்சம் டாலர் தனியாக ஒதுக்கப்பட்டது. 'எங்கள் கொள்கை உயர்ந்தது, உங்கள் கொள்கை தாழ்ந்தது' என்ற சண்டைக்கு இடம் வைக்காமல், அத்தாட்சி உள்ள திட்டங்களின் ஜாபிதா ஒன்றைத் தயாரித்தார்கள். அதில் முதலில் இடம் பெற்றவை 28.

முதல் ஐந்து வருஷ வேலையின் பயனாக 41 ஆராய்ச்சிகள் முடிந்து, 2016-ல் அவற்றின் பலன் தெரிய வந்தது. நடத்தையில் நல்ல மாறுதல் கண்டவை 12. மற்றவற்றில் வித்தியாசம் தெரியவில்லை, அல்லது நிச்சயமாகச் சொல்லக்கூடவில்லை.

நாற்பத்தொன்றுக்குப் பன்னிரண்டு! என் வகுப்பில் இப்படி ஒரு தேர்ச்சி விகிதம் வந்தால் தலைமையாசிரியர் சும்மா விடமாட்டார். ஆனால் ஆராய்ச்சி வேறு, பள்ளிப் பரீட்சை வேறு. எந்தப் பன்னிரண்டு என்று தெரிந்து கொண்டதே லாபம். முன்பு ஓர் ஊரில் பலித்த திட்டம் வேறோர் ஊரில் பலிக்கவில்லை என்று தெரிந்ததும் லாபந்தான். நியூயார்க்கில் மைக்கேல் கரேரா என்பவர் 1984-ல் ஏற்படுத்திய திட்டம், படிப்பு, வேலைப் பழக்கம், வைத்தியம், விளையாட்டு எல்லாவற்றையும் சேர்த்து வருஷக்கணக்கில் பிள்ளைகளைப் பேணுவது. நியூயார்க்கில் சீட்டுப் போட்டுப் பரீட்சித்தபோது பெண்களிடையே கர்ப்பம் குறைந்திருந்தது. அதை முன்மாதிரியாக வைத்து இங்கிலாந்தில் 2004 முதல் 2007 வரை ஒரு திட்டம் நடத்தினார்கள். முடிவில், திட்டத்தில் சேர்ந்த பெண்களில் நூற்றுக்கு 16 பேரும், ஒப்பிடுவதற்காக எடுத்துக்கொண்ட பெண்களில் நூற்றுக்கு 6 பேரும் கர்ப்பமுற்றதாகச் சொன்னார்கள். அங்கே சீட்டுப் போட்டுப் பிரிக்கவில்லையாகையால், தொடக்கத்திலேயே இரு பிரிவுக்கும் பேதம் இருந்திருக்கலாம். எப்படியாயினும், ஓர் ஊர்ச் சாமானை மற்றோர் ஊரில் கண்ணை மூடிக்கொண்டு இறக்குமதி செய்யலாகாது என்பது விளங்கிற்றல்லவா?

உண்மை சொன்னவனுக்குத் தண்டனை

இனிமேல்தான் கதையில் சங்கடமான கட்டம் வருகிறது. 2015-ல் இரண்டாவது ஐந்து வருஷத் தவணை தொடங்கியிருந்தது. 2017-ம் வருஷம் ஜூலை மாதம், 81 ஸ்தாபனங்களுக்குச் சர்க்காரிடமிருந்து கடிதம் போயிற்று. 2020 வரை தருவதாயிருந்த பணம் 2018 ஜூன் மாதத்தோடு நின்றுவிடும் என்பது கடிதத்தின் சாரம். காரணம் என்ன? "திட்டங்களில் பெரும்பாலானவை பலிக்கவில்லை என்று உங்கள் ஆராய்ச்சிகளே சொல்கின்றனவே!" என்பது சர்க்கார் தரப்பு வாதம்.

வாசகர்கள் இதைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். பரீட்சைக்கு உட்பட்டு, பலித்ததைப் பலித்தது என்றும் பலிக்காததைப் பலிக்கவில்லை என்றும் ஒளிக்காமல் சொன்னவர்களுக்கு, அந்த நேர்மையே குற்றமாகிவிட்டது. பரீட்சைக்கே உட்படாத திட்டத்தை யாரும் இப்படிக் குறை சொல்ல முடியாது. அதனிடம் கணக்கே இல்லையே! பரீட்சை எழுதினவனுக்குப் பிரம்படி, எழுதாதவனுக்கு மிட்டாய் என்று ஒரு பள்ளிக்கூடத்தில் ஏற்பாடு செய்தால், மறு வருஷம் எந்தப் பையன் பேனாவை எடுத்துக்கொண்டு வருவான்?

அன்றியும், ஐந்து வருஷ ஆராய்ச்சியை மூன்றாம் வருஷத்தில் நிறுத்தினால் ஐந்தில் மூன்று பங்கு உண்மை கிடைக்காது. பெண்களைக் கடைசி முறை தேடிக் கேட்பதற்கு முன்பு நிறுத்தினால் ஒரு பங்கு கூடக் கிடைக்காது. போட்ட விதையை முளைக்குமுன் கிளறி எறிவதற்குச் சிக்கனம் என்று பெயரிட முடியுமா?

ஸ்தாபனங்கள் நியாயஸ்தலங்களுக்குச் சென்றன. 2018-ம் வருஷம் பல இடங்களில் நீதிபதிகள் சர்க்காரின் செய்கையைத் தவறு என்று தீர்ப்பளித்தார்கள். வாஷிங்டனில் இந்த வழக்கை விசாரித்தவர் கெட்டாஞ்சி பிரவுன் ஜாக்ஸன் என்ற பெண் நீதிபதி. தக்க காரணம் காட்டாமல், தன்னுடைய விதிகளையே மீறிச் சர்க்கார் பணத்தை நிறுத்தலாகாது என்பது அவர் தீர்ப்பு. 2022-ல் அவர் அத்தேசத்துச் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியாகவும் ஆனார். பணம் தொடர்ந்து கிடைத்தது, ஆராய்ச்சிகளும் நடந்தன.

ஒரு சீருடையின் மகிமை

பரீட்சித்துப் பார்ப்பதால் தீமை வெளிப்படும் என்பதோடு, எதிர்பாராத நன்மையும் வெளிப்படும். ஆப்பிரிக்காவில் கென்யா தேசத்தின் மேற்குப் பகுதியில், 2003 முதல் 328 பள்ளிக்கூடங்களில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. எஸ்தர் டுஃப்லோ, பாஸ்கலின் துப்பா, மைக்கேல் கிரேமர் முதலானவர்கள் நடத்தியது. சில பள்ளிக்கூடங்களில், எய்ட்ஸ் நோயைத் தடுக்கும் பாடத்தைச் சர்க்கார் வகுத்தபடி நடத்துவதற்கு உபாத்தியாயர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். வேறு சில பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சீருடை கொடுத்தார்கள். சீருடை ஒன்றின் விலை சுமார் 6 டாலர்.

பாடம் மட்டும் நடந்த இடங்களில் இளம் பெண்களின் கர்ப்பம் குறையவில்லை. சீருடை மட்டும் கொடுத்த இடங்களில், மூன்று வருஷத்தில் நூற்றுக்கு 16-ஆக இருக்கக்கூடியது சுமார் 13-ஆகக் குறைந்தது! உடை கிடைத்ததால் பெண் பள்ளிக்கூடத்திலேயே இருந்தாள். பள்ளிக்கூடத்தில் இருந்ததால் தாயாகும் நாள் தள்ளிப் போயிற்று. இதோடு, 71 பள்ளிக்கூடங்களில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் 40 நிமிஷம் ஒரு விஷயத்தைத் திறந்து பேசினார்கள். வயதில் மிக மூத்த ஆடவர்களிடமே நோய் அதிகம், அவர்களுடைய பரிசுகளுக்கு மயங்காதீர்கள் என்பதே பேச்சு. அங்கே இளவயதுப் பிரசவம் நூற்றுக்கு 28 விகிதம் குறைந்தது. பாடப் புத்தகம் சாதிக்காததை ஒரு கவுனும் ஒரு நாற்பது நிமிஷப் பேச்சும் சாதித்தன. இதை நாற்காலியில் உட்கார்ந்தபடி யாரால் ஊகித்திருக்க முடியும்? இந்த முறை ஆராய்ச்சிக்காகவே டுஃப்லோவும் கிரேமரும், நம் இந்தியாவில் பிறந்த அபிஜித் பானர்ஜியுடன் சேர்ந்து 2019-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார்கள் என்பது நாம் பெருமைப்படக்கூடிய விஷயம்.

"இதெல்லாம் அயல் தேசத்துச் சமாசாரம்; நமக்கென்ன?" என்று யாரும் எண்ணவேண்டாம். நம் தேசத்தில் இளவயதுத் தாய்மை பெரும்பாலும் இளவயது விவாகத்தின் வழியாக வருகிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 6.8 பேர் தாயாகவோ கர்ப்பவதியாகவோ இருந்தார்கள். இதைத் தடுக்க நாமும் பணம் செலவழிக்கிறோம். ஹரியானா மாகாணத்தில் 1994-ல் 'அப்னி பேட்டி அப்னா தன்' என்று ஒரு திட்டம் ஏற்பட்டது. "நம் பெண்ணே நம் செல்வம்" என்று பொருள். ஏழை வீட்டில் பெண் பிறந்தால் சர்க்கார் அவள் பேரில் 2,500 ரூபாய் போட்டு வைக்கும். 18 வயது வரை விவாகமாகாமல் இருந்தால் 25,000 ரூபாயாகக் கிடைக்கும். முதலில் பிறந்த பெண்கள் 2012-ல் பதினெட்டை எட்டியபோதுதான் முறையாகப் பரிசீலனை நடந்தது. பதினெட்டுக்கு முன் விவாகமாவது இத்திட்டத்தினால் குறைந்ததாகத் தெரியவில்லை. பதினெட்டு நிறைந்த வருஷத்திலேயே விவாகமானவர்கள் அதிகம். அந்தப் பணத்தைக் கல்யாணச் செலவுக்கென்றே பல குடும்பங்கள் எண்ணியிருந்தன! செல்வம் என்று பெயரிட்டுச் சீதனத்துக்கு வழி செய்தோமோ என்ற கேள்வி எழுகிறது. பதினெட்டு வருஷத்துக்குப் பிறகாவது எழுந்ததே, அந்த மட்டில் க்ஷேமம்.

அமெரிக்கா 2010-ல் மதிப்பிடுவதற்கென்று தனியாக எடுத்து வைத்த 45 லட்சம், மொத்தத்தில் நூறு டாலருக்கு நாலு டாலர். வீடு கட்டுகிறவர், மேஸ்திரி போட்ட சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கத் தூக்குக் குண்டு வாங்குகிறார்; அந்தக் காசுக்கு இன்னும் நாலு செங்கல் வாங்கியிருக்கலாமே என்று வருந்துவதில்லை. பெண்ணின் வாழ்க்கை சுவரைவிடக் குறைந்ததா?

நேயர்கள் நாளைக்கு ஒரு தர்ம ஸ்தாபனத்துக்குப் பணம் அனுப்பலாம். ஒரு சட்டசபை அங்கத்தினரைச் சந்திக்கலாம். உங்கள் பெண் படிக்கும் பள்ளிக்கூடத்தில் புதுத் திட்டம் ஒன்றை ஆரம்பிப்பதாகச் சொல்லலாம். அப்போது எத்தனை பேருக்குச் செய்தீர்கள் என்று கேட்பதோடு நிற்காதீர்கள். செய்யாத இடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். பார்ப்பதற்குப் பணம் ஒதுக்கினீர்களா என்று கேளுங்கள். அவர்கள் தயங்கித் தயங்கி, "பார்த்தோம், பலிக்கவில்லை, வேறு வழி தேடுகிறோம்" என்று பதில் சொன்னால், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்காதீர்கள். அடுத்த தவணையையும் நம்பிக்கையோடு அவர்களிடமே கொடுங்கள்.